படத்தைத் திருத்தும் உரிமை

(தொழிற்பயிற்சி மாணாக்கர்க்கென நடந்த ஒருநாட் பயிலரங்கின் தொடக்கத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பாய்வுப்படம் வரைதல் என்பது எனக்குத் தந்துள்ள தலைப்பு. தலைப்பைக் கேட்டவுடன் உங்களுட் சிலர் முகத்தில் ஓர் அயர்வு படர்ந்ததை இங்கிருந்தே கண்டேன். திருப்புளியும் குறடும் பிடிக்கும் கைக்குக் கணினிப் படம் எற்றுக்கு என்று நீங்கள் எண்ணுவது எனக்குப் புரிகின்றது. நானும் அவ்வாறு எண்ணியவனே. ஆகலின் மென்பொருளைப் பற்றிப் பேசுமுன், இதோ என் கையிலுள்ள இந்தத் தாளைப் பற்றிப் பேசுகின்றேன். ஓரங்கள் கிழிந்து, பழுப்பேறி, நடுவே கரிக்கோலால் யாரோ கிறுக்கியிருக்கும் இத்தாள் நான் வரைந்த பாய்வுப்படம்.

2009ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிக் கூடத்தில் உழவர் நீரெக்கிகளைப் பழுதுபார்க்கும் பணியைக் கற்பித்து வந்தேன். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் எதை முதலிற் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்னும் ஒழுங்கு மாணாக்கர்க்குப் பிடிபடுவதில்லை. ஒருவன் எடுத்த எடுப்பிலேயே மோட்டாரைக் கழற்றுவான். இன்னொருவன் உருகியை மாற்றுவான். மின்னே வரவில்லை என்பதை இருவரும் அரைமணி கழித்துக் கண்டுபிடிப்பார்கள். எனவே ஒழுங்கைப் படமாக வரைந்து சுவரில் மாட்டுவோம் என்று எண்ணினேன். கூடத்துக் கணினியில் விலைகொடுத்து வாங்கிய வரைபட மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. அதிலே இரவுபகலாக உழைத்து, ஏறத்தாழ நாற்பது படங்கள் வரைந்தேன். அவற்றுள் முதற்படம் இது.

படத்தைப் படிக்கின்றேன், கேளுங்கள். 'மோட்டார் ஓடவில்லை' என்று மேலே நீள்வட்டம். அதன்கீழ் வயிர வடிவக் கட்டத்தில் ஒரு வினா: 'மும்முனை மின்னும் வருகின்றதா?' இல்லை என்றால் வலப்புறம் ஒரு செவ்வகம்: 'ஓட்ட முயலாதே, மின்வாரியத்திற்குச் சொல்.' மூன்றனுள் ஒரு முனை இல்லாத மின்னில் மோட்டாரைத் தொடக்கினால் அது சுழலாமல் உறுமும். சற்றுநேரம் விட்டால் சுருள் கருகிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆம் என்றால் கீழே: 'தொடக்கியின் மூடியைத் திறந்து, உருகியையும் தொடுமுனைகளையும் பார்.' அவையும் செம்மையாக இருப்பின் மேலும் கீழே செல்லும். மோட்டார் ஓடியும் நீர் வரவில்லை என்றால், புட்வால்வு என்று உழவர் சொல்லும் அடிக்கதவம் வரை அந்தப் படம் வழிகாட்டும்.

பிழை எங்கே என்று கண்டுகொண்டீர்களா? அதோ, பின்வரிசையில் ஒரு தங்கை கையுயர்த்துகின்றார். ஆம், அதுவேதான். 'மும்முனையும் வருகின்றதா' என்பதற்கும் 'மூடியைத் திற' என்பதற்கும் இடையே ஒரு கட்டம் இல்லை. 'தலைமைச் சொடுக்கியை அணை. ஆய்விளக்கு வைத்து மின் அறவே இல்லை என்று உறுதிசெய்' என்னும் கட்டம். மின் வருகின்றது என்று உறுதிசெய்துகொண்ட அதே மூச்சில் மூடியைத் திறக்கச் சொல்கின்றது என் படம்!

எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். பின் ஏன் விட்டேன்? உங்களிடம் மறைப்பானேன், தாளில் இடமில்லை. படத்தை வரைந்து முடித்து, கட்டங்களை அழகாக அடுக்கி, அம்புக்குறிகளை நேராக்கிய பின்னரே அந்தக் கட்டம் விடுபட்டது நினைவுக்கு வந்தது. அதை நடுவில் நுழைப்பதென்றால் கீழேயுள்ள பதினான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். அம்புகளை மீண்டும் வரைய வேண்டும். இரவு மணி பதினொன்று. வகுப்பில் வாயாற் சொல்லிக்கொள்வோம் என்று அச்சிட்டுவிட்டேன். சொல்லியும் வந்தேன். ஆனால் படம் வகுப்பறையில் மட்டும் நிற்கவில்லை. நன்றாக இருக்கின்றதே என்று படியெடுத்துப் பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோனார்கள். தாள் சென்ற இடத்திற்கு என் வாய் செல்லவில்லை.

ஈராண்டு கழித்து, படத்தைப் பார்த்துப் பழுதுநீக்கிய ஓர் இளைஞனை மின் தாக்கியது. கை கருகியது, உயிர் பிழைத்தான். அவன் என்னிடம் சினங்கொள்ளவில்லை. இத்தாளை என்னிடம் கொண்டுவந்து தந்தான். இங்கே கரிக்கோலால் 'முதலில் அணை' என்று எழுதியிருப்பது அவன் கையெழுத்து, இடக்கையால் எழுதியது.

அன்றே திருத்திப் புதிதாக அச்சிட்டு எல்லார்க்கும் தருவோம் என்று கணினியைத் திறந்தேன். மென்பொருள் திறக்கவில்லை. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தைக் கூடம் நிறுத்தியிருந்தது. சரி, கட்டிவிடுவோம் என்று கேட்டால், அந்த மென்பொருளையே விற்பதை நிறுத்திவிட்டதாக விடை வந்தது. கோப்புகள் கணினியில் இருந்தன, நாற்பதும் இருந்தன. அவற்றைப் படிக்கவல்ல வேறு கருவி ஒன்றும் இல்லை. என் உழைப்பு, என் பிழை, என் படம். திறவுகோல் மட்டும் பிறனுடையது.

இந்த இடத்தில்தான், தம்பிமார்களே, கட்டற்ற மென்பொருள் என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது.

இச்சொல்லை விலையில்லா மென்பொருள் என்று பலர் பிழைபடக் கொள்கின்றனர். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்கள் ஒவ்வொருமுறையும் விளக்கம் கூற நேர்கின்றது. நமக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்று தமிழ் தெளிவாகவே பிரித்துக் காட்டும். விலையின்றித் தருவதாகச் சொல்லி, உங்கள் படத்தைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, மூன்றுக்கு மேல் வரைந்தால் கட்டணம் கேட்கும் கருவிகளும் உள. அவை விலையில்லாதவை; கட்டற்றவை அல்ல.

அமெரிக்கரான இரிச்சர்டு சிடால்மன் 1983ஆம் ஆண்டில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைப் படைக்கும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் அதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது உரிமத்தின் முதற் பதிப்பை வெளியிட்டார். அவருடைய முயற்சிக்கு முன்னதாக ஓர் அச்சுப்பொறி நிகழ்ச்சி கூறப்படும். அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்துக்கு வந்த புதிய அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கியது. பழைய பொறியின் நிரலைத் திருத்தித் தாள் சிக்கினால் கணினியில் செய்தி வருமாறு செய்திருந்தார். புதிய பொறியின் நிரலை அவர்க்குத் தர மறுத்துவிட்டார்கள். பழுது தெரிகின்றது, நீக்கவும் தெரிகின்றது, ஆனால் தொடக்கூடாது! பழுதுபார்க்கும் தொழிலை மேற்கொண்ட நமக்கு அச்சினம் எளிதில் விளங்கும். எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், உள்ளே திறந்து கற்றுத் திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம், திருத்தியதையும் தரலாம் என்னும் நான்கு உரிமைகளும் அச்சினத்திற் பிறந்தவை என்றே நான் கருதுகின்றேன்.

இனிப் பாய்வுப்படத்திற்கு வருவோம். இதைக் கணினிக்காரர் கண்டுபிடிப்பு என்று எண்ணாதீர்கள். 1921ஆம் ஆண்டிலேயே பிராங்கு கில்பிரெத்தும் அவர் மனைவி இலில்லியன் கில்பிரெத்தும் வேலையின் படிகளைக் குறிகளால் வரைந்து காட்டும் முறையை அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகத்தில் எடுத்துரைத்தனர். பிராங்கு கில்பிரெத்து செங்கல் அடுக்கும் கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். கணினி நிரலுக்கெனக் கோல்டுசுடைனும் வான் நியூமனும் பாய்வுப்படம் வரைந்தது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்தே. ஆக, இது கைத்தொழிலிலிருந்து கணினிக்குப் போன கலை. நீங்கள் அதைத் திரும்பக் கேட்டு வாங்குகின்றீர்கள், அவ்வளவே. எந்த வடிவம் எதைக் குறிக்கும் என்பதற்கு 1985ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவரையறையும் உண்டு. நமக்கு நான்கு போதும்: தொடக்கத்திற்கும் முடிவிற்கும் நீள்வட்டம், செயலுக்குச் செவ்வகம், வினாவிற்கு வயிரக் கட்டம், தருவதற்கும் பெறுவதற்கும் சாய்ந்த கட்டம்.

கட்டற்ற வரைகருவிகள் பல. 'டயா' என்பது 1998ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் இலார்சன் தொடங்கியது. சிறியது, பழைய கணினியிலும் ஓடும். பல்லாண்டுகளாக அதன் வளர்ச்சி மெதுவாயிற்று என்பதையும் சொல்லிவிடுகின்றேன். 2010இல் கிளைத்தெழுந்த 'இலிப்ரே ஆபீசு' தொகுப்பில் வரைவதற்கென ஒரு பகுதி உண்டு. அதிற் பாய்வுப்பட வடிவங்கள் அணியமாக இருக்கும்; கட்டத்தை நகர்த்தினால் அதனோடு ஒட்டிய கோடும் கூடவே நகரும். 2003இல் தோன்றிய 'இங்க்சுகேப்பு' ஓவியர்க்கு உகந்தது. எக்கியின் அமைப்பையும் குழாய் வளையும் இடத்தையும் உள்ளவாறே காட்ட வேண்டுமெனில் அதையே எடுங்கள்.

ஆனால் என் பிழையைத் திருத்தியது 'கிராப்விசு' என்னும் கருவி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திற் பிறந்து, பின்னர்க் கட்டற்ற உரிமத்தோடு வெளிவந்தது. இதில் நீங்கள் படம் வரைவதே இல்லை! எழுதுகின்றீர்கள். எழுதுகோப்பு ஒன்றைத் திறந்து, திசையுடைய வரைவு என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை முதலில் இட்டு, வளைந்த அடைப்புக்குள் இவ்வாறு எழுதினாற் போதும்:

"மோட்டார் ஓடவில்லை" -> "மும்முனையும் வருகின்றதா?"

"மும்முனையும் வருகின்றதா?" -> "மூடியைத் திற"

சிறுகோடும் கூர்முனையும் சேர்ந்த அக்குறியே அம்பு. கோப்பைக் கருவியிடம் கொடுத்தால் எந்தக் கட்டம் எவ்வுயரத்தில் நிற்பது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் எவ்வாறு செல்வது என்பதையெல்லாம் அதுவே கணக்கிட்டுப் படமாக்கித் தரும். முதலில் கட்டங்களைப் படிப்படியாகப் பிரிக்கும். அடுத்து ஒவ்வொரு படியிலும் வெட்டுகள் குறையுமாறு வரிசையை மாற்றும். பின்னர் இடங்களைக் குறிக்கும். இறுதியில் வளைகோடுகளை இழுக்கும். அடுக்கடுக்காக வரையும் இவ்வழியை 1981ஆம் ஆண்டில் சப்பானியரான சுகியாமாவும் தோழரும் வெளியிட்டனர். கிராப்விசைப் படைத்த நால்வர் அதனை மேலும் செப்பனிட்டு 1993இல் கட்டுரையாக எழுதினர்.

இப்பொழுது விடுபட்ட கட்டத்தை நுழைப்போம். இரண்டாம் வரியை நீக்கி, அங்கே இரண்டு வரி எழுதுகின்றேன்:

"மும்முனையும் வருகின்றதா?" -> "தலைமைச் சொடுக்கியை அணை, ஆய்விளக்கால் உறுதிசெய்"

"தலைமைச் சொடுக்கியை அணை, ஆய்விளக்கால் உறுதிசெய்" -> "மூடியைத் திற"

அவ்வளவே. கீழேயுள்ள பதினான்கு கட்டங்களும் தாமே நகர்ந்து இடம்விட்டன. இதை முதன்முதற் செய்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணித்துளியும் ஆகவில்லை. அன்றிரவு பதினொரு மணிக்கு என் முன்னே இக்கருவி இருந்திருந்தால் அக்கட்டத்தை விட்டிருப்பேனா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. கருவியின்மேற் பழிபோட்டு நான் தப்பிக்க வரவில்லை, சோம்பல் என்னுடையதே. ஆயினும் திருத்துதல் கடினமாக இருக்குமிடத்தில் நல்லவர்களும் பிழையை விட்டுவிடுகின்றார்கள் என்பதைப் பணியிடங்களில் எத்தனையோ முறை கண்டுள்ளேன்.

இன்னொரு நன்மை. அக்கோப்பு வெறும் எழுத்து. கிராப்விசே நாளை இல்லாமற் போனாலும் எந்த எழுதுகருவியிலும் திறந்து படிக்கலாம். படிக்கின்ற மாந்தனுக்கே ஒழுங்கு விளங்கிவிடும். உலக வலைக் கூட்டமைப்பு 2001இல் வகுத்த எசு.வி.சி. என்னும் பட வடிவமும் அத்தகையதே. பூட்டிய கோப்புகளைக் கட்டற்ற மென்பொருளார் முயன்று திறந்ததும் உண்டு. மைக்கிரோசாப்டின் 'விசியோ' படங்களைத் திறக்கும் திறன் இலிப்ரே ஆபீசுக்கு 2012இல் வந்தது. வடிவத்தின் அமைப்பைத் துணுக்குத் துணுக்காக ஆய்ந்தறிந்தவர்களின் உழைப்பு அது. என் நாற்பது படங்கள் அவ்வகையின அல்ல. பலர் பயன்படுத்தும் பூட்டுக்குத்தான் மாற்றுத் திறவுகோல் செய்ய ஆள் கிடைக்கின்றது.

தமிழெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தின் உயிர் அதன் சொற்களில் உள்ளது. நம் உழவர்க்கான படத்தில் ஆங்கிலம் எழுதி மாட்டுவது, கிணற்றுக்குள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு மேட்டில் தேடச்சொல்வது போன்றது. முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தது; 1999இல் தமிழ்நாட்டரசு பொதுக்குறியீடுகளை வகுத்தும் குழப்பம் உடனே தீரவில்லை. ஓரிடத்தில் வரைந்த படம் வேறிடத்தில் திறந்தாற் சொற்களெல்லாம் கோணல்மாணலாகத் தோன்றும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியிலேயே தமிழுக்கு இடம் உண்டு எனினும், அது நம் அலுவலகங்களில் வேரூன்ற நெடுநாள் ஆயிற்று; 2010இல்தான் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. ஒருங்குறியில் எழுதினாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். 'கொ' என்பதில் ஒரு குறி முன்னும் ஒரு குறி பின்னுமாக நிற்பதைப் பல வரைகருவிகள் அறியா; குறிகளைத் தனித்தனியே சிதறவிடும். கிராப்விசும் இங்க்சுகேப்பும் 'பாங்கோ' என்னும் கட்டற்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்கொள்வதால் நம் எழுத்து அவற்றிற் செம்மையாக அமையும். அந்நூலகம் உலகின் பல எழுத்துகளுக்காக ஒருமுறை எழுதப்பட்டது. பல கருவிகள் அதை எடுத்தாள்கின்றன.

கையாளும்போது நினைவில் வையுங்கள்: கோப்பினுள் எழுத்துருவின் பெயரைக் குறிப்பிடுங்கள், திறந்த உரிமத்தோடு வரும் 'நோட்டோ' தமிழ் எழுத்துரு போதும். குறிப்பிடாவிடின் கருவி ஓர் அகலத்தை உன்னித்துக் கட்டத்தை வரையும்; சொல் கட்டத்தை மீறி வெளியே நிற்கும். பிறர் கணினியில் அவ்வெழுத்துரு இருக்குமோ என்று ஐயமாயின், இங்க்சுகேப்பில் எழுத்தை வரைகோடாக மாற்றிக் கொடுங்கள். ஆனால் மாற்றிய பின் அது எழுத்தன்று, ஓவியம்; சொல்லைத் திருத்த இயலாது. ஆகலின் மாற்றாத கோப்பையும் உடன் கொடுங்கள். படத்தை மட்டும் கொடுத்துக் கோப்பை வைத்துக்கொள்பவன், என்னைப் பூட்டிய நிறுவனத்தின் வேலையைத் தானே செய்கின்றான்.

குறைகளையும் மறைக்கவில்லை. கிராப்விசு கட்டங்களைத் தன் விருப்பப்படி வைக்கும். இதை இடப்புறம் தள்ளு என்றால் எளிதிற் கேளாது. பிழை நேர்ந்தால் ஆங்கிலத்தில் ஒரு வரி எண்ணைச் சொல்லி நிற்கும். பெரும்பாலும் மேற்கோட்குறி ஒன்றை மூட மறந்திருப்பீர்கள். முதல்நாள் எனக்கு எரிச்சலே வந்தது. இலிப்ரே ஆபீசின் இடைமுகம் தமிழில் இருப்பதுபோல் இதற்கும் வருதல் நன்று. செய்யத் தடையில்லை, செய்வார்தாம் வேண்டும்.

நண்பகல் உணவு முடிந்ததும் அடுத்த அறையிலுள்ள கணினிகளுக்குச் செல்வோம். இந்தப் பழைய தாளையே முதற்பாடமாக எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு படி தருகின்றேன். விடுபட்ட கட்டத்தை இந்தத் தங்கை கண்டுவிட்டார். இதில் இன்னும் இரண்டு பிழைகள் உள. ஒன்று அடிக்கதவத்திற்குச் சற்று மேலே இருக்கின்றது. மற்றதை நான் சொல்லப் போவதில்லை.